சோழவரத்து ஓடுபாதையும் தங்கவயலின் தரிசும்

கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் குத்தகை எல்லைக்குள் ஏறத்தாழ 1,003 ஏக்கர் பரப்பில் குவிந்து கிடக்கும் 13 கழிவு மண் மேடுகளிலிருந்து மிச்சத் தங்கத்தைப் பிரித்தெடுக்க அவற்றை ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்கு 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கர்நாடக அமைச்சரவை இசைவு தெரிவித்த நாள்முதலாக, ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவிலும் ஆண்டர்சன்பேட்டைத் தேநீர்க் கடைகளிலும் சில கேள்விகள் ஓயாமல் கேட்கப்பட்டு வருகின்றன: வேலை வருமா, குடியிருக்கும் லைன் வீடு நம் பெயருக்கு ஆகுமா, தூசி அடங்குமா? அவை நியாயமான கேள்விகள். அவற்றுக்கு விடையளிக்க வேண்டியவர்கள் ஆட்சியிலிருப்பவர்கள். ஆயினும், அந்த நிலத்தின் வருங்காலம் காகிதத்தில் எழுதப்படவிருக்கும் இத்தருணத்தில், ஊரின் இளைஞர்கள் சார்பாக ஒரு விண்ணப்பத்தையும் அந்தக் காகிதத்தோடு சேர்த்துவிட வேண்டும் என்பது என் விருப்பம். தங்கவயலில் தேசியத் தரம் வாய்ந்த மோட்டார் சைக்கிள் பந்தயக் களம் ஒன்று, மண் பாதையாக, நிர்மாணிக்கப்பட வேண்டும்.

வேலையற்ற ஊருக்குப் பந்தயம் எதற்கு என்று கேட்போர் பலர் இருப்பர். அந்தக் கேள்வியை நான் அலட்சியப்படுத்தவில்லை. அதற்குப் பிறகு வருவேன். அதற்கு முன், நம் தேசத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் எந்த மண்ணில், எவருடைய உழைப்பால் வேரூன்றியது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் அந்தச் சரித்திரத்தை அறிந்தவர்களுக்குத் தங்கவயலின் உரிமை தானாகவே விளங்கிவிடும்.

சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டிக் கல்கத்தா நெடுஞ்சாலையில் செல்வோருக்குச் சோழவரம் என்ற பெயர் பரிச்சயமானது. ஏரியாலும் குடிநீராலும் இன்று அறியப்படும் அவ்வூரில், இரண்டாம் உலக யுத்த காலத்தில் விமானங்கள் இறங்கி ஏறுவதற்கென ஓடுபாதைகள் அமைக்கப்பட்டன. யுத்தம் ஓய்ந்தது, விமானங்கள் அகன்றன, நெடிய ஓடுபாதை மட்டும் ஆள் நடமாட்டமின்றி வெயிலில் கிடந்தது. 1953ஆம் ஆண்டில் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் அன்பர்கள், இராணுவம் கைவிட்ட அந்தத் தளத்தில் வைக்கோல் பொதிகளை அடுக்கி, ஓடுபாதைகளை வளைவுகளால் இணைத்து, அதையே பந்தயப் பாதையாக மாற்றிக்கொண்டார்கள். பிப்ரவரி மாதம் வந்துவிட்டால், பனி விலகி வெயில் இன்னும் கடுமையாகாத அந்தச் சில தினங்களில், கார்களும் மோட்டார் சைக்கிள்களும் கல்கத்தா, பம்பாய், பெங்களூர், கோயம்புத்தூர், இலங்கை முதலிய இடங்களிலிருந்து சோழவரத்தை நோக்கி வரும். சைக்கிளிலும் பஸ்ஸிலும் லாரியிலுமாக ஆயிரக்கணக்கான ஜனங்கள் காலையிலேயே புறப்பட்டு, கட்டுச்சோற்றோடு வந்து, மாலைவரை அந்தப் பொட்டல் வெளியில் நின்று பார்ப்பார்கள். 1980களின் இறுதிவரை, தேசத்தின் பந்தய வாழ்க்கைக்குச் சோழவரமே தலைநகராக விளங்கிற்று என்றால் அது மிகையாகாது.

இங்கே உலகத்தின் அனுபவத்தையும் ஒரு கணம் நினைவுகூரலாம். இங்கிலாந்தின் புகழ்பெற்ற சில்வர்ஸ்டோன் பாதை, யுத்த காலத்தில் குண்டுவீச்சு விமானங்களுக்காக அமைந்த ஒரு விமான தளமே. 1948இல் அங்கே பந்தயம் தொடங்கியது. அதற்கும் முன்னர், இங்கிலாந்தின் பொதுச் சாலைகளில் பந்தயம் நடத்தச் சட்டம் இடம் தராத காரணத்தால், மான் தீவின் சாலைகளை நாடிச் சென்றவர்கள் 1907இல் தொடங்கிய டூரிஸ்ட் டிராபி இன்றளவும் நடந்து வருகிறது. பந்தயம் என்பது பெரும்பாலும் ஊரின் நடுவில், நல்ல நிலத்தில், பெரும் பொருட்செலவில் பிறந்ததில்லை. பிறருக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்ட நிலத்தை, உத்ஸாகம் மிக்க சிலர் தமதாக்கிக்கொண்டபோது பிறந்தது.

சோழவரத்தில் ஓடிய மோட்டார் சைக்கிள்களைப் பற்றிச் சொல்லாமல் அதன் பெருமையைச் சொல்ல இயலாது. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றி, சோழவரத்துக்கு வெகுதூரமில்லாத திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாகத் தொடங்கின. 1961இல் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை திறக்கப்பட்டு, ஜாவாவும் பின்னர் யெஸ்டியும் தென்னாட்டுச் சாலைகளுக்கு வந்தன. ராஜ்தூத் வடக்கிலிருந்து வந்தது. பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட அயல்நாட்டு வண்டிகளை வரவழைக்க அந்தக் காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பெரும்பாலோருக்கு வழிவிடவில்லை. ஆகவே பால் கேன் சுமந்த வண்டியும், அரசு அதிகாரியை ஆபீசுக்கு ஏற்றிச்சென்ற வண்டியும்தான் பந்தய வண்டியாக மாற்றப்பட வேண்டியிருந்தது. அந்த மாற்றத்தைச் செய்தவர்கள் பொறியியல் கல்லூரியில் பயின்றவர்கள் அல்லர். பட்டறைகளில் சிறுவயது முதல் கைப்பழக்கத்தால் கற்ற மெக்கானிக்குகள்.

அவர்கள் கைத்திறனை ஒரு முறையேனும் அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அது மறக்காது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் சிலிண்டரைக் கழற்றி, எரிந்த புகை வெளியேறும் துவாரத்தின் மேல் விளிம்பை அரம்கொண்டு மயிரிழை மயிரிழையாக உயர்த்துவார்கள். ஒரு இழை மிஞ்சினால் உயர்ந்த வேகத்தில் சக்தி கூடும், ஆனால் வளைவிலிருந்து எழும்போது எஞ்சின் மூச்சுத் திணறும். சிலிண்டர் தலையின் அடிப்பாகத்தை லேத்தில் சீவி அழுத்தத்தைக் கூட்டுவார்கள். சைலன்சரின் வயிற்றை எங்கே பெருக்க வேண்டும், எங்கே குறுக்க வேண்டும் என்பதைக் காதால் கேட்டே தீர்மானித்துத் தகட்டை வெட்டிப் பற்றவைப்பார்கள். பின்சக்கரத்து ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல்லைக் கூட்டினால் ஏற்றத்துக்கு உதவும், குறைத்தால் நேர்ப்பாதைக்கு உதவும் என்ற கணக்கு அவர்களுக்கு மனப்பாடம். ஒரு சுற்று ஓடிவிட்டு வந்த வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் முனை கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் பற்றாக்குறை, காய்ந்த மண்ணின் பழுப்பாக இருந்தால் கலவை சரி என்று நிர்ணயித்து, கார்பரேட்டரின் ஜெட்டை மாற்றுவார்கள். வீரனின் பெயர் மறுநாள் பத்திரிகையில் வரும். அந்தக் கையின் பெயர் எங்கும் வராது. இந்திய மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் சரித்திரம் முழுமையாக எழுதப்படும் நாளில், அதன் பெரும்பாகம் இந்தக் கைகளைப் பற்றியதாகவே இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பிற்பாடு நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1982இல் டிவிஎஸ் நிறுவனம் தனக்கென ஒரு பந்தயக் குழுவை ஏற்படுத்தியது. 1983இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் ராஜ்தூத் 350, 1985இல் யமஹா ஆர்எக்ஸ் 100 என்று ஜப்பானியத் தொழில்நுட்பத்தோடு வந்த வண்டிகள் பந்தயத்தின் கதியையே மாற்றின. கிளப்பின் அன்பர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டு, பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்த நிலம் வாங்கி, 1990இல் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரப் பாதையைத் திறந்தார்கள். இன்று தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயச் சாம்பியன்ஷிப்பின் முக்கியச் சுற்றுகள் அங்கேதான் நடைபெறுகின்றன. பந்தயக் கார்களை நம் நாட்டிலேயே வடிவமைத்த கோவை கரிவரதனின் நினைவாகக் கோவையிலேயே ஒரு பாதை எழுந்தது. டெல்லிக்கு அருகே 2011இல் பெரும் பொருட்செலவில் எழுந்த புத்தா பாதையோ, மூன்று ஆண்டுகள் மட்டுமே ஃபார்முலா ஒன் பந்தயத்தைக் கண்டது. 2023 செப்டம்பரில் உலக மோட்டார் சைக்கிள் சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்று அங்கே நடந்து தேசமே பெருமிதம் கொண்டது, மறு ஆண்டு அது தொடரவில்லை. கோடிகளைக் கொட்டிக் கட்டிய மைதானம் காத்துக் கிடக்க, ஒரு கிளப்பின் அன்பர்கள் கட்டிய பாதை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து இளைஞர்களைப் பயிற்றுவித்து வருகிறது. தங்கவயலுக்கு நான் கேட்பது இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

அதிலும் நான் கேட்பது தார்ப்பாதைகூட அன்று. மேடும் பள்ளமுமான மண்ணில் ஓட்டும் மோட்டோகிராஸ் பந்தயம் 1924இல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் நடந்த ஒரு போட்டியிலிருந்து தன் வம்சாவளியைச் சொல்லிக்கொள்வது. அதற்கு ஒன்றரை கிலோமீட்டர் சுற்றுப்பாதை போதும். தார் வேண்டாம், கான்கிரீட் வேண்டாம். நம் நாட்டில் சூப்பர்கிராஸ் என்ற பெயரில் நடக்கும் தேசியப் போட்டிகளில் பெரும்பாலானவை பொருட்காட்சித் திடல்களில் லாரி லாரியாக மண் கொட்டி, சில நாட்களில் மேடு கட்டி, பந்தயம் முடிந்தவுடன் சமன்செய்துவிடும் தற்காலிக ஏற்பாடுகளே. வீரன் பயிற்சி பெறுவதற்கு ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் இருக்கும் பாதை வேண்டும். அப்படிப்பட்ட நிரந்தர மண் பாதைகள் இத்தனை பெரிய தேசத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவையே.

மண் பாதைக்குக் கோலார் மாவட்டம் ஏற்றது என்பதற்கு வேறு சாட்சியம் தேட வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டு டக்கார் ராலியை, அர்ஜென்டினாவும் சிலியும் பொலிவியாவும் அடங்கிய அந்தக் கொடிய மார்க்கத்தை, இந்தியர்களுள் முதல்வராக முடித்துக் காட்டிய பெங்களூர் வீரர் சி. எஸ். சந்தோஷ், தம் பயிற்சிக் களமான பிக்ராக் டர்ட்பார்க்கை அமைத்தது இந்தக் கோலார் மாவட்டத்தில்தான். பெங்களூரில் வளர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019இல் பாஹா ராலிகளின் உலகக் கோப்பையை மகளிர் பிரிவில் வென்று, மோட்டார் பந்தயத்தில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் என்ற கௌரவத்தை அடைந்தார். கேரளத்தின் ஹரித் நோவா 2024 டக்காரில் தம் பிரிவில் முதலிடம் பெற்றார். ஓசூரில் இருசக்கர வாகனத் தொழிற்சாலை, பெங்களூரில் கிளப்புகளும் வீரர்களும், சென்னையில் பந்தய நிர்வாகத்தில் எழுபது ஆண்டு அனுபவம் பெற்ற ஸ்தாபனம். இவை மூன்றுக்கும் எட்டும் தூரத்தில் தங்கவயல் இருக்கிறது. இருந்தும் இந்த எழுச்சியில் அதற்குப் பங்கில்லை.

தங்கவயலை அறியாதவர்களுக்காக அதன் வரலாற்றில் சில வரிகள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து சுரங்கம் வெட்டத் தொடங்கியபின், வடஆற்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து தமிழர்கள், பெரும்பாலும் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள், குடும்பத்தோடு வந்து லைன் வீடுகளில் குடியேறினர். அவர்கள் பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாகச் சாம்பியன் ரீஃப் பெயர் பெறும்வரை, இறங்கினார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. தேசத்தின் பெருநகரங்கள் பலவே மின்விளக்கைக் காணாத நாளில் இந்த ஊரின் எந்திரங்கள் மின்சாரத்தால் இயங்கின. சுரங்கத்தின் ஆழத்தை விஞ்ஞானிகளும் பயன்படுத்திக்கொண்டார்கள்: வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகளின் அடையாளம் 1965இல் இங்கே பதிவானது உலக விஞ்ஞானத்தில் ஒரு முக்கிய நிகழ்ச்சி. ஏறத்தாழ 800 டன் தங்கத்தைத் தேசத்துக்குக் கொடுத்துவிட்டு, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது.

அதற்குப் பிந்திய தலைமுறை எப்படி வாழ்கிறது என்பதை விடியற்காலையில் மாரிகுப்பம் ரயில் நிலையத்தில் நின்றால் காணலாம். இருள் பிரியாத நேரத்தில், டிபன் பாக்ஸும் தோள்பையுமாக ஆண்களும் பெண்களும் பெங்களூர் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று சுரங்கங்களின் பெயரையே தாங்கிய நிலையங்கள் ஒவ்வொன்றிலும் கூட்டம் ஏறுகிறது. பங்காருப்பேட்டையில் நிற்க இடமிருப்பதில்லை. இரவு அதே ரயில் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து இறக்குகிறது. ரயிலைத் தவறவிட்ட இளைஞர்களும், ரயில் நேரம் ஒத்துவராத வேலையிலிருப்போரும், மோட்டார் சைக்கிளில் நெடுஞ்சாலையைப் பிடிக்கிறார்கள். இந்த ஊர்ப் பையனுக்கு வண்டி ஆடம்பரமன்று, பிழைப்பின் கருவி. அதை அவன் நன்றாக அறிந்திருக்கிறான். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மெக்கானிக் கடையின் வாசலில் மாலை நேரத்தில் நின்று பாருங்கள்: தகப்பனார் சுரங்கத்து வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து கற்ற அளவெடுக்கும் நிதானம், மகனுடைய கையில் ஆர்எக்ஸ் வண்டியின் பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் விதத்தில் அப்படியே தெரியும். சுரங்கத்தில் மனிதரை இறக்கி ஏற்றிய பெரும் வைண்டிங் எஞ்சின்களைப் பராமரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். மேலே சொன்ன சோழவரத்துக் கைகளுக்குக் குறைந்தவை அல்ல இவர்களுடைய கைகள்.

விடுமுறை நாட்களில் இந்தப் பையன்களில் சிலர், சயனைடு மேடுகள் எனப்படும் அந்தக் கழிவு மண் மேடுகளின்மேல் வண்டியை ஏற்றுகிறார்கள். ஹெல்மெட் இருப்பதில்லை, பூட்ஸ் இருப்பதில்லை, செருப்புக் காலோடு, வழுக்கும் வெண்மணற் சரிவில் இரண்டாவது கியரில் எஞ்சினை அலறவிட்டு ஏறி, உச்சியில் சக்கரம் புதைந்து சாய்ந்து, சிரித்துக்கொண்டே எழுந்து மறுபடியும் முயல்கிறார்கள். திரைப்படங்கள் இந்த மேடுகளைப் பிரசித்தப்படுத்திய பிறகு, வெளியூர் இளைஞர்களும் வண்டியோடு வந்து படமெடுத்துப் போகிறார்கள். இந்த இடத்தில் என் விண்ணப்பம் தெளிவாக இருக்க வேண்டும். பந்தயக் களம் இந்த மேடுகளின்மேல் அமையவே கூடாது. நொறுக்கிய பாறையின் மாவுபோன்ற துகள் அது. தங்கத்தைக் கரைக்கப் பயன்பட்ட இரசாயனத்தின் மிச்சமும் அதில் கலந்தது. காற்றுக் காலத்தில் அந்தத் தூசி லைன் வீடுகளின் சோற்றுப் பானைவரை வந்து படிவதை இவ்வூர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி அழுதிருக்கிறார்கள். சிலிக்காத் தூசியால் நுரையீரல் இறுகி மாண்ட சுரங்கத் தொழிலாளரின் ஊரில், அவர்கள் பேரன்களை அதே தூசிக்குள் வேகமாக ஓட்டச் சொல்வது பாவகாரியம். மேடுகளை என்ன செய்வதாயினும் தூசியை அடக்கித்தான் செய்ய வேண்டும். அதில் எந்தச் சமரசமும் உதவாது.

ஆனால் மேடுகள் மட்டுமே தங்கவயல் ஆகா. சுரங்க நிறுவனத்தின் வசம் பன்னிரண்டாயிரம் ஏக்கர் அளவில் நிலம் இருக்கிறது. அதன் பெரும்பகுதியில் கழிவு மண் விழவேயில்லை. பாறையும் செம்மண்ணும் முட்புதருமாகக் கிடக்கும் அந்தப் பரப்பிலிருந்து, மண்ணைச் சோதித்துக் குற்றமற்றது என்று உறுதிசெய்யப்பட்ட நாற்பது ஏக்கரை ஒதுக்குவது பெரிய தியாகமாகாது. மோட்டோகிராஸ் பாதையை உருவாக்குவதற்கு வேண்டிய எந்திரங்கள் புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும். அவற்றைத் தயாரிக்கும் பொதுத்துறை நிறுவனமான பெமல் 1964இல் நிறுவப்பட்டு இந்த ஊரிலேயே தொழிற்சாலை கொண்டிருக்கிறது என்பதை நினைக்கும்போது, தங்கவயல் தன் பந்தயக் களத்தைத் தன் கையாலேயே கட்டிக்கொள்ளக்கூடிய அபூர்வமான ஊர் என்பது புலப்படும். புதிதாகச் செய்த புல்டோசரை ஓட்டிச் சோதிக்க எப்படியும் மண் வேண்டும். அந்தச் சோதனையின் சில தினங்கள் பாதை வெட்டுவதில் கழியட்டுமே.

சுரங்க பூமியில் பந்தயம் என்பது கற்பனைக் கோட்டையென்று எண்ண வேண்டாம். ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மாகாணத்தில் எர்ட்ஸ்பெர்க் என்றொரு இரும்பு மலை உண்டு. பல நூற்றாண்டுகளாக வெட்டப்பட்டுப் படிப்படியாகச் செதுக்கிய மலை, இன்றும் இயங்கும் சுரங்கம். 1995 முதல் ஆண்டுதோறும் கோடையில் சில நாட்கள் அங்கே நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் பல தேசங்களிலிருந்து வந்து சேர்கிறார்கள். இறுதிப் பந்தயத்துக்குத் தேர்வாவோர் ஐந்நூறு பேர். அதை முடிப்போர் சில ஆண்டுகளில் பத்துப் பதினைந்து பேரே. மலையடிவாரத்துச் சிறிய ஊரான ஐசனெர்ட்ஸ், சுரங்க வேலை குறைந்து ஜனங்கள் வெளியேறிய ஊர், அந்தச் சில நாட்களில் நிறைந்துவிடுகிறது. அந்த ஊரின் சகல துயரமும் பந்தயத்தால் தீர்ந்துவிட்டதென்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது உண்மையாகாது. ஆயினும் அதன் பெயர் இன்று நலிந்த சுரங்க ஊர்களின் பட்டியலில் மறைந்துபோகாமல், இளைஞர்கள் ஆசையோடு உச்சரிக்கும் பெயராக இருக்கிறது. தங்கவயலின் பெயரை உலகம் முழுவதும் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே வந்து பார்க்க மூடிய குழிகளும் துருப்பிடித்த தூக்குக் கோபுரங்களும் தவிர வேறென்ன வைத்திருக்கிறோம்?

இப்போது அபாயத்தைப் பற்றிப் பேச வேண்டும். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப் சுற்றில், பெங்களூரைச் சேர்ந்த பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து உயிரிழந்தான். அதே ஆண்டு ஜனவரியில் அதே பாதையில் ஒரு கார்ப் பந்தய வீரரும் மாண்டார். மான் தீவின் மலைச்சாலை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக 250க்கும் அதிகமான வீரர்களைப் பலிகொண்டிருக்கிறது. சந்தோஷ்கூட 2021 ஜனவரியில் சவூதி அரேபியப் பாலைவனத்தில் விழுந்து, பல நாட்கள் நினைவின்றிக் கிடந்து மீண்டவர். பந்தயத்தை விரும்புகிறவன் இவற்றை வாய்க்குள் முணுமுணுத்துக் கடந்துவிடக் கூடாது. உரக்கச் சொல்ல வேண்டும். அந்தச் சிறுவனின் மரணம், எந்த வயதில் எவ்வளவு வேகமுள்ள வண்டியை எத்தனை பேரோடு சேர்ந்து ஓட்டவிடலாம் என்ற கேள்வியைத் தேசத்தின் முன் வைத்தது. என்னைக் கேட்டால், பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குப் பயிற்சி மட்டும் போதும், கூட்டப் பந்தயம் வேண்டாம் என்பேன். மோட்டோகிராஸில் வேகம் தார்ப்பாதையைவிட வெகு குறைவு; எலும்பு முறிவுகள் அதிகம், உயிர்ச்சேதம் குறைவு. அதனாலேயே ஓட்டக் கற்பதற்கு மண் பாதையே உத்தமமான பள்ளி என்று அனுபவஸ்தர்கள் கருதுகிறார்கள். சக்கரம் வழுக்கும்போது கலங்காமலிருக்க மண்தான் கற்றுத்தரும்.

அபாயம் என்று அஞ்சிக் களத்தை மறுத்துவிட்டால் அபாயம் ஒழிந்துவிடுமா? பெங்களூரின் வெளிவட்டச் சாலைகளில் இரவு நேரத்தில் ஒற்றைச் சக்கரத்தில் ஓட்டியும் பந்தயம் கட்டியும் பிடிபடும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் வந்துகொண்டேயிருக்கின்றன. சயனைடு மேட்டில் செருப்புக் காலோடு ஏறும் பையனுக்குப் பக்கத்தில் ஆம்புலன்ஸ் இல்லை, கொடி காட்ட மார்ஷல் இல்லை, கழுத்துக்குக் காப்பு இல்லை, ஓய்வெடு என்று சொல்ல ஓர் ஆசான் இல்லை. அபாயம் இருக்கவே இருக்கிறது. முறையான களத்தில் அதற்கு ஓர் ஒழுங்கு வரும்: அனுமதிச் சீட்டு இல்லாதவன் பாதையில் இறங்க முடியாது, வண்டியின் பிரேக்கும் கவசங்களும் பரிசோதிக்கப்படாமல் தொடக்கக் கோட்டுக்கு வர முடியாது, மருத்துவர் ஊர்தியில் அமர்ந்தாலன்றிக் கொடி இறங்காது.

முதலில் தள்ளிவைத்த கேள்விக்கு இப்போது வருகிறேன். வேலையற்ற ஊருக்குப் பந்தயம் சோறு போடுமா? பந்தயம் நேரடியாகப் பெரும் வேலை தராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு நான்கைந்து தேசியச் சுற்றுகள் நடந்தாலும், விடுதிக்காரருக்கும் ஓட்டல்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் சில நல்ல வாரங்கள் கிடைக்கும், அவ்வளவே. என் நம்பிக்கை களத்தைச் சுற்றி எழக்கூடிய பள்ளியில் இருக்கிறது. பந்தயக் களத்தோடு ஓர் எஞ்சின் பட்டறையும் அதில் சான்றிதழ் பெறும் பயிற்சியும் அமைந்தால், ஓசூரிலும் பெங்களூரிலும் உள்ள வாகனத் தொழிற்சாலைகளின் சோதனைப் பிரிவுகளுக்கு ஓட்டுநர்களும் தொழில்நுட்பர்களும் தேவைப்படும்போது, விடியற்கால ரயிலில் காவல் வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகும் பிள்ளைகளில் சிலரேனும் தங்கள் கைக்குத் தகுந்த வேலைக்குப் போவார்கள். பந்தயத்துக்காக வண்டியைச் செம்மைப்படுத்தக் கற்றவனுக்குத் தொழிற்சாலையில் கற்க வேண்டியது கொஞ்சமே. டிவிஎஸ் போன்ற நிறுவனங்கள் பந்தயத்தை விளம்பரத்துக்காக மட்டும் நடத்தவில்லை. சாலை வண்டியின் குறைகளைப் பந்தயப் பாதையில் கண்டறிந்து திருத்துவதற்காகவும் நடத்தின.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. இந்த ஊரில் கால்பந்தும் ஹாக்கியும் குத்துச்சண்டையும் ஒரு காலத்தில் செழித்தன. சுரங்கம் இருந்தவரை மைதானங்கள் இருந்தன, மைதானங்கள் இருந்தவரை மாலைப் பொழுதில் ஊர் கூடிற்று. ஒரு ஊருக்கு அதன் இளைஞர்களைப் பார்த்துப் பெருமைப்படுவதற்கு ஓர் இடம் வேண்டும். கணக்குப் பார்த்து நிரூபிக்கத்தக்க பிரயோஜனம் அதில் இல்லாவிட்டாலும் அது வேண்டும். நூற்றிருபது ஆண்டுகள் தேசத்துக்குத் தங்கம் அளித்தவர்களின் சந்ததி, பிழைப்பை மட்டுமே கேட்கத் தகுதியுடையது என்று யாரும் தீர்மானிக்கக் கூடாது.

ஆகவே செய்ய வேண்டியது இது. கழிவு மேடுகளை ஏலம் விடும் நிபந்தனைகள் இறுதியாகுமுன், ஏலம் எடுப்பவர் மேடுகளின் தூசியைத் தண்ணீராலும் பயிராலும் அடக்கியே வேலை செய்ய வேண்டுமென்பதும், மேடுகளுக்குப் புறம்பான சுத்தமான நிலத்தில் நாற்பது ஏக்கர் விளையாட்டுக்கென நகரசபையின் பெயரில் எழுதப்பட வேண்டுமென்பதும் அதில் சேர்க்கப்பட வேண்டும். மாநில அரசின் விளையாட்டுத் துறையும் தேசிய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பும் ஒரு முறை வந்து இடத்தைப் பார்வையிட வேண்டும். சோழவரத்தில் தொடங்கி இருங்காட்டுக்கோட்டைவரை வழிகண்டவர்களின் ஆலோசனையைக் கேட்க வேண்டும். அவர்கள் சொந்தச் செலவில் கற்ற பாடங்களை நாம் மறுபடியும் விலைகொடுத்துக் கற்க வேண்டியதில்லை. இதற்கான தீர்மானத்தை நகரசபை தன் அடுத்த கூட்டத்திலேயே நிறைவேற்றி, தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் மூலமாகவும் நாடாளுமன்ற உறுப்பினர் மூலமாகவும் மத்தியச் சுரங்க அமைச்சகத்துக்கு அனுப்பிவைக்கட்டும்.